கை சேருமுன் கண் சேரும்

தேநீர் கலக்கும்பொழுது நம் கண்கள் என்ன செய்கின்றன என்பதை நாம் கவனிப்பதில்லை. கை கெண்டியை நோக்கி நீளுமுன்பே கண் கெண்டியில் போய் நிற்கின்றது. கை கெண்டியைத் தூக்கிக்கொண்டிருக்கும்பொழுதே கண் கோப்பைக்குத் தாவிவிடுகின்றது. இங்கிலாந்து நாட்டின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் லேண்டு என்னும் அறிஞரும் அவருடன் ஆய்ந்தோரும் தேநீர் கலப்போரின் கண்ணசைவைக் கருவி வைத்து அளந்து, 1999ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். கண் கையைவிட ஏறக்குறைய அரை நொடி முந்திச் செல்கின்றது என்பது அவர்கள் கண்ட முடிவாகும். பால்மரம் வெட்டுவோருக்கு இது புதுமையன்று. உளி பட்டையில் ஓடி முடியுமுன் கண் பால் வழியும் இடத்தையும் மங்கினையும் பார்த்துவிடும். பால் எடுக்கும் வேளையில், கை மங்கினை வாளிக்குள் கவிழ்த்துக்கொண்டிருக்க, கண் அடுத்த மரத்தைத் தேடும்.

பிறர் வேலை செய்வதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்பொழுதும் நம் கண் அவ்வாறே முந்துகின்றது என்பதுதான் வியப்பு. ஒருவர் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றார், மற்றவர் பார்த்திருக்கின்றார். பார்ப்பவரின் கண், அடுக்குபவரின் கை கட்டையைச் சென்றடையுமுன்பே அக்கட்டையைச் சென்றடைகின்றது. கனடா நாட்டின் ராண்டி ஃபிளனகன், சுவீடன் நாட்டின் ரோலண்டு ஜோஹான்சன் ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டில் இதனை எடுத்துக் காட்டினர். அவர் எதை எடுக்கப் போகின்றார், எங்கே வைக்கப் போகின்றார் என்று நாம் உட்கார்ந்து எண்ணி முடிவு செய்வதில்லை. கண் தானே அறிந்து முன்னே சென்று காத்திருக்கின்றது. பிறரோடு சேர்ந்து வேலை செய்ய நம்மால் இயல்வதும் இதனால்தான். இருவர் ஒரு தோம்பினைத் தூக்கும்பொழுது ஒருவர் மற்றவரின் அடுத்த அசைவை அறியாவிடில் பால் தரையில்தான் கிடக்கும்.

இத்திறன் பிறக்கும்பொழுதே உடன் வருவதா, பின்னர்க் கற்பதா? கற்பதாயின் எந்த வயதில், எவரிடம், எவ்வாறு? கடந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் குழந்தை உளவியலார் இக்கேள்விகளை ஆய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்டவற்றுள் தோட்டக் குடும்பங்களுக்குப் பயன்படத்தக்க சிலவற்றை இங்கு எடுத்துரைக்கின்றோம்.

பந்தும் கரடிப் பொம்மையும்

பேசத் தெரியாத குழந்தையிடம் கேள்வி கேட்பது எங்ஙனம்? புதியதைக் குழந்தை நெடுநேரம் பார்க்கும். பலமுறை கண்டதைப் பார்த்துச் சலித்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாய்மார் அனைவரும் அறிந்த இவ்வுண்மையே ஆய்வாளரின் அளவுகோல்.

அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அமாண்டா வுட்வர்டு என்னும் அம்மையார் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெயர் பெற்றது. குழந்தையின் முன்னே ஒரு சிறு மேடை. அதன் ஒருபுறம் ஒரு பந்து, மறுபுறம் ஒரு கரடிப் பொம்மை. திரைக்குப் பின்னிருந்து ஒரு கை நீண்டு வந்து பந்தினைப் பற்றுகின்றது. இதனையே மீண்டும் மீண்டும் காட்டினர். குழந்தை சலித்துப் போயிற்று. பின்னர்ப் பந்தையும் பொம்மையையும் இடம் மாற்றி வைத்தனர். இப்பொழுது கை இரண்டில் ஒன்றைச் செய்யலாம். பழைய பக்கமே சென்று புதிய பொருளாகிய பொம்மையைப் பற்றலாம். அல்லது புதிய பக்கம் சென்று பழைய பந்தினையே பற்றலாம்.

குழந்தை வெறும் அசைவைத்தான் பார்க்கின்றது என்றால், கை புதிய பக்கம் செல்வதே அதற்குப் புதுமையாகத் தோன்ற வேண்டும். நடந்தது வேறு. ஆறு மாதக் குழந்தையும் ஒன்பது மாதக் குழந்தையும் கை வேறு பொருளைப் பற்றியபொழுதுதான் நெடுநேரம் உற்றுப் பார்த்தன. ‘இந்தக் கை பந்துக்காக அல்லவா வந்தது, இப்பொழுது ஏன் பொம்மையை எடுக்கின்றது’ என்று கேட்பதுபோல் இருந்தது அப்பார்வை. கைக்குப் பதிலாக ஒரு கோலை நீட்டித் தொட்டுக் காட்டியபொழுது குழந்தைகள் அத்தகைய வேறுபாட்டினைக் காட்டவில்லை. கையின் பின்புறத்தால் பொருளைத் தொட்டுக் காட்டியபொழுதும் காட்டவில்லை. பற்றுகின்ற கையே குழந்தைக்குப் பொருளுடைய கை.

ஆறு மாதக் குழந்தை தானும் பொருளைப் பற்றத் தொடங்கிய குழந்தை என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். மூன்று மாதக் குழந்தைக்கு இன்னும் பற்ற வராது. அதற்குப் பற்றும் வாய்ப்பைச் செயற்கையாகக் கொடுத்தால் என்ன ஆகும்? 2005ஆம் ஆண்டில் ஜெசிக்கா சோமர்வில், வுட்வர்டு, எமி நீடம் ஆகிய மூவரும் இதனைச் செய்து பார்த்தனர். ஒட்டும் பட்டை தைத்த சிறு கையுறைகளை மூன்று மாதக் குழந்தைகளுக்கு அணிவித்தனர். பொம்மைகளிலும் அவ்வாறே பட்டை ஒட்டியிருந்தது. குழந்தை கையை வீசினால் போதும். பொம்மை கையோடு வந்துவிடும். சில நிமிடங்கள் இவ்வாறு விளையாடிய குழந்தைகள், பின்னர்ப் பிறர் கை பொம்மையை எடுப்பதைக் காட்டியபொழுது, ஆறு மாதக் குழந்தையைப்போலவே அக்கையின் நோக்கத்தைக் கண்டுகொண்டன. விளையாடாமல் முதலில் பார்த்த குழந்தைகளுக்கு அது புலப்படவில்லை.

இக்கையுறை எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 2015ஆம் ஆண்டில் வேறோர் ஆய்வுக் குழுவினர் ஒட்டும் கையுறையோடு ஒட்டாத கையுறையையும் ஒப்பிட்டனர். பொருளை எட்டிப் பிடிக்கும் திறன் ஒட்டும் கையுறையால் கூடுதலாக வளர்ந்ததாக அவர்கள் காணவில்லை. கடையில் அத்தகைய கையுறை கிடைக்குமா என்று தேடிச் செல்ல வேண்டியதில்லை.

வாளிக்குள் விழும் பந்து

இதுவரை கூறியது, ஒரு செயல் நடந்த பிறகு குழந்தை வியப்பதைப் பற்றியது. நடக்குமுன்பே எதிர்பார்த்துக் கண்ணைச் செலுத்துவது அதனினும் ஒரு படி மேலானது. சுவீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபால்க்-இட்டர், கிரெடெபேக், ஃபான் ஹோஃப்ஸ்டன் ஆகிய மூவரும் 2006ஆம் ஆண்டில் இதனை ஆய்ந்தனர். குழந்தையின் கண்மணி எங்கே நிற்கின்றது என்பதை நொடிக்கு நொடி பதிவு செய்யும் கருவி அவர்களிடம் இருந்தது. ஒருவர் பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு வாளிக்குள் போடும் படத்தைக் காட்டினர்.

பெரியவர்களின் கண் பந்துக்கு முன்னே வாளியைச் சேர்ந்தது. பன்னிரண்டு மாதக் குழந்தைகளின் கண்ணும் அவ்வாறே வாளியில் போய்க் காத்திருந்தது. ஆறு மாதக் குழந்தைகளின் கண் பந்தினைப் பின்தொடர்ந்தே சென்றது. பந்து கையில்லாமல் தானே பறந்து வாளிக்குள் விழுவதைக் காட்டியபொழுது ஒரு வயதுக் குழந்தையும் முந்திப் பார்க்கவில்லை. கையும் அதனை இயக்கும் மனிதரும் இருந்தால்தான் எதிர்பார்ப்புப் பிறக்கின்றது.

ஆறாம் மாதத்தில் இல்லாத திறன் பன்னிரண்டாம் மாதத்தில் எங்கிருந்து வந்தது? ஆறு மாதக் குழந்தை எடுத்ததை வாயில் வைக்கும். ஒன்றினுள் ஒன்றைப் போடாது. ஒரு வயதை நெருங்கும் குழந்தையைப் பாருங்கள். மைலோ டின்னுக்குள் கரண்டியைப் போடும், எடுக்கும், மீண்டும் போடும். அம்மா மடித்து வைத்த துணியை எல்லாம் வாளிக்குள் திணிக்கும். தான் செய்யக் கற்றதைப் பிறர் செய்யும்பொழுது அதன் முடிவு குழந்தைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றது என்பது ஆய்வாளரின் கருத்து. ஜப்பானியராகிய கனகோகி, இடகுரா ஆகிய இருவரும் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இதனையே கூறுகின்றது. தானே பொருளைப் பற்றும் திறன் எந்த அளவு வளர்ந்துள்ளதோ, அந்த அளவே பிறர் பற்றுவதை முன்னறியும் திறனும் குழந்தையிடம் இருந்தது.

ஆகவே, அந்தத் துணி வாளிக் குறும்புக்காகக் குழந்தையின் கையில் அடி விழுவது நமக்கு வருத்தம் தருகின்றது. அது பாடம் படித்துக்கொண்டிருக்கின்றது.

கரண்டி, குச்சி, கை

தான் செய்யாத செயலைக் குழந்தை முன்னறியவே முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். ஆறு மாதக் குழந்தை கரண்டியைப் பிடித்துத் தானே உண்ணாது. ஆயினும், ஒருவர் கரண்டியில் உணவை எடுத்து இன்னொருவருக்கு ஊட்டும் படத்தைக் கண்டால், கரண்டி சேருமுன் உண்பவரின் வாயைப் பார்த்துவிடும். இதனைக் கோச்சுகோவா, கிரெடெபேக் ஆகியோர் 2010ஆம் ஆண்டில் கண்டனர். அதே ஆண்டில் ஹுன்னியஸ், பெக்கரிங் ஆகியோர் வெளியிட்ட ஆய்விலும், ஒருவர் கோப்பையைக் கையில் எடுத்தவுடன் ஆறு மாதக் குழந்தைகள் அவருடைய வாயை நோக்கின. செய்து கற்பதோடு நாள்தோறும் பார்த்துக் கற்பதும் உண்டு என்பது இவற்றால் விளங்கும். இவ்விரண்டில் எது முதன்மையானது என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

பார்த்துக் கற்பதற்கு நம் நாட்டினர் எளிதில் உணரக்கூடிய சான்று ஒன்று உள்ளது. 2016ஆம் ஆண்டில் கிரீன் என்பவரும் அவருடன் ஆய்ந்தோரும் சீன நாட்டிலும் சுவீடனிலும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு ஒரே படத்தைக் காட்டினர். படத்தில் ஒருவர் ஒருமுறை கரண்டியாலும் மறுமுறை உண்குச்சிகளாலும் உண்கின்றார். சீனக் குழந்தைகள் குச்சியால் எடுத்த உணவு வாய்க்குச் செல்லும் என்பதை முந்திப் பார்த்தன. கரண்டிக்கு அவ்வாறு பார்க்கவில்லை. சுவீடன் குழந்தைகளோ கரண்டிக்கு முந்திப் பார்த்தன; குச்சிக்குப் பார்க்கவில்லை. இரு நாட்டுக் குழந்தைகளுக்கும் அறிவில் குறையில்லை. அவை எந்த வீட்டில் எந்தக் கையைப் பார்த்து வளர்ந்தன என்பதே வேறுபாடு.

மலாக்கா நகரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் அமர்ந்தால் இம்மூன்றையும் ஒரே நேரத்தில் காணலாம். ஒரு மேசையில் குச்சி, அடுத்ததில் கரண்டியும் முள்ளும், நம் மேசையில் ஐந்து விரல்கள். நம் வீட்டுக் குழந்தை பிறந்தது முதல் காண்பது, சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டு செல்லும் கையைத்தான். எனவே, அதன் கண் அக்கையைத்தான் முந்தும் என எதிர்பார்ப்பது பொருத்தமானதே. இதனை இங்கு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துக் குழந்தை நகர்ப்புறப் பாலர் பள்ளிக்குச் சென்று சில நாள் திகைத்து நின்றால், ‘இதற்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று கூறிவிடுவோர் நம்மிடையே உள்ளனர். தெரியவில்லை என்று தீர்ப்புக் கூறுமுன், அது எதைப் பார்த்து வளர்ந்தது என்று கேட்பதே ஆசிரியர்க்கு அழகு.

ஆயாக் கொட்டகையில் கற்றது

நம் மலாக்கா மாநிலத்தில்தான், புக்கிட் லிந்தாங்கில், 1896ஆம் ஆண்டு டான் சே யான் என்பவர் இந்நாட்டிலேயே முதன்முதலாக வாணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் அசகான் பகுதியிலும் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகியபொழுது, தாயும் தந்தையும் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிட, குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தன. 1966ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், லயத்து வீடுகளுக்கு மட்டுமன்றிக் குழந்தைக் காப்பகங்களுக்கும் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. ‘ஆயா’ என்னும் சொல்லே போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது என்பர். போர்த்துகீசியர் 1511 முதல் 1641 வரை ஆண்ட இம்மண்ணில், அச்சொல் தமிழ்த் தொழிலாளரோடு இந்தியாவிலிருந்து மீண்டும் வந்து சேர்ந்தது ஒரு விந்தையே.

ஆயாக் கொட்டகையில் குறைகள் பல இருந்தன. ஓர் ஆயாவுக்குக் குழந்தைகள் அதிகம். தொட்டிலில் நெடுநேரம் கிடந்து அழுத குழந்தைகளும் உண்டு. ஆனால், ஆயா சோறு வடிப்பதையும், பால் ஆற்றுவதையும், துணி உலர்த்துவதையும் குழந்தைகள் நாள் முழுவதும் அருகிலிருந்து கண்டன. மூத்த குழந்தை இளையதற்கு ஊட்டுவதைக் கண்டன. அவை யாவும் ஒரு முடிவை நோக்கிச் செல்லும் கைகள். ஆய்வாளர் உப்சாலாவில் படமெடுத்துக் காட்டியதை நம் ஆயாக்கள் கட்டணமின்றி நாள்தோறும் காட்டினர்.

இன்று தோட்டங்கள் பல எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறிவிட்டன. தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் நகர்ப்புறம் பெயர்ந்துவிட்டனர். தோட்டத்திலேயே இருப்போரின் குழந்தைகளைப் பெரும்பாலும் பாட்டிமாரே பார்த்துக்கொள்கின்றனர். அழும் குழந்தையை அடக்கக் கைப்பேசி வந்துவிட்டது. பாட்டியின் மேல் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. முழங்கால் வலியோடு அவர் எத்தனை முறை எழுந்து அமர்வார்? ஆயினும் உண்மையைக் கூறியாக வேண்டும். கைப்பேசியில் நிறங்கள் ஓடும், ஒலிகள் எழும். குழந்தை கையை நீட்டி எடுக்கவோ ஒன்றினுள் போடவோ அதில் ஒன்றுமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை பார்க்கும் நேரம் வேண்டாம் என்றே கூறியுள்ளது. தவழத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும் வேளையில், நாளொன்றுக்கு மொத்தம் முப்பது நிமிடமாவது குப்புறப் படுக்க விட்டுப் பெரியவர் அருகிருக்க வேண்டும் என்றும் அது கூறுகின்றது. புடவைத் தொட்டில் உறங்குவதற்கு நல்லது. விழித்த குழந்தையைத் தரையில் பாய் விரித்துக் கிடத்தினால்தான் கை எதையேனும் எட்டிப் பிடிக்கும்.

துணிக்கிளிப்பைத் தேடும் குழந்தை

ஒன்றரை வயதில் இக்கல்வி முழு வடிவம் பெறுகின்றது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் என்பவர் ஒன்றரை வயதுக் குழந்தைகளின் முன்னே ஒரு பொம்மையை இரண்டாகப் பிரிக்க முயன்று, கை நழுவித் தோற்பதுபோல் நடித்தார். முடிவைக் குழந்தை கண்டதேயில்லை. ஆனால், பொம்மையைக் கையில் கொடுத்ததும் அதனைப் பிரித்தே காட்டியது. 2006ஆம் ஆண்டில் வார்னெக்கன், டோமசெல்லோ ஆகிய இருவரும் ஜெர்மனியில் நடத்திய ஆய்வு இன்னும் இனியது. ஒருவர் கொடியில் துணி உலர்த்துகின்றார். துணிக்கிளிப்புக் கைதவறிக் கீழே விழுகின்றது. அவர் எட்டி எட்டிப் பார்க்கின்றார். ஒன்றரை வயதுக் குழந்தை சென்று அதை எடுத்துக் கொடுத்தது. அவரே வேண்டுமென்று கிளிப்பைக் கீழே எறிந்தபொழுது குழந்தை பேசாமல் இருந்தது. நழுவியதையும் எறிந்ததையும் அது பிரித்தறிந்தது. இவை மேலைநாட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. கனடா, பெரு, இந்தியா ஆகிய நாடுகளின் சிற்றூர்களில் நடந்து 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பிறரைப் பார்த்துச் செய்தல், உதவுதல் போன்ற அடிப்படைத் திறன்கள் ஏறக்குறைய ஒரே வயதில் தோன்றியமை தெரியவந்தது.

இத்திறன் வளர விலை கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. ஊட்டும்பொழுது கரண்டியையோ விரலையோ சிறிது தொலைவிலிருந்து மெதுவாகக் கொண்டு வாருங்கள். குழந்தையின் வாய் எப்பொழுது திறக்கின்றது எனப் பாருங்கள். வெங்காயம் உரிக்கும்பொழுது அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு டின்னும் அதில் போட்டெடுக்கப் பெரிய மூடிகளும் கொடுங்கள். கோலிக்குண்டு வேண்டாம், ரப்பர் விதை அறவே வேண்டாம். அது தொண்டையில் சிக்கும். அதில் நஞ்சும் உண்டு. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, காட்டிய பக்கம் பாராத, ஒன்றரை வயதிலும் தானே விரல் நீட்டி எதையும் காட்டாத குழந்தையை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, அதன் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தோடு தாதியரிடம் கூறுங்கள். ‘தகப்பனும் இப்படித்தான் தாமதம்’ என்று காத்திருக்க வேண்டாம்.

இறுதியாகக் கூற வேண்டியது அச்சத்திற்குரியது. கோப்பை என்றால் வாய்க்குச் செல்வது என்பதைக் குழந்தை ஆறாம் மாதத்திலேயே கண்டுவைத்திருக்கின்றது. ஒரு வயதில் அது நடக்கும், எட்டும், எடுக்கும். சொந்தமாகச் சிறிது ரப்பர் வைத்திருப்போர் வீடுகளில், பால் உறைய வைக்கும் பார்மிக் அசிட்டைக் குடிபானப் போத்தலில் ஊற்றி அடுக்களை மூலையில் வைக்கும் வழக்கம் உண்டு. களைக்கொல்லியையும் அவ்வாறே வைப்பர். பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை உள்ளது. பழைய மிச்சம் எங்கேனும் இருக்கலாம். குடிபானப் போத்தலைக் கண்ட குழந்தை, நாம் கற்றுக் கொடுத்தபடியே, அதை வாயில் வைக்கும். அசிட் அதற்குரிய கலத்திலேயே, பெயர் எழுதி, வீட்டிற்கு வெளியே பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். தவறி வாயில் பட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயை நீரால் துடைத்துவிட்டு, 999 எண்ணை அழையுங்கள். அல்லது கிடைத்த வண்டியில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன குடித்தது என்பதை மருத்துவர் அதைக் கொண்டே அறிவார்.